பாண்டியாற்றங்கரையில் ஐந்து நாள்

முதல் நாள்

கோபியிலிருந்து கிளம்பும்போது அப்பா ஒரே ஒரு வேலைதான் சொல்லி அனுப்பினார். "பாண்டியாத்துல தண்ணி எவ்வளவு போகுதுன்னு பார்த்துட்டு வா."

எங்களுக்குக் கீழ்பவானிப் பாசனம். 1955ல் பவானிசாகர் அணை கட்டி முடித்தார்கள். அந்த வாய்க்காலை நம்பி 2.07 லட்சம் ஏக்கர் இருக்கிறது. அணை நிறையாத வருஷங்களில் எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் ஒரே பேச்சுதான் ஓடும். நீலகிரியில் பெய்கிற மழையில் ஒரு பங்கு மேற்கே இறங்கிக் கேரளக் கடலுக்குப் போகிறது, அந்தப் பாண்டியாறு–புன்னம்புழா தண்ணீரைத் திருப்பி, பவானிசாகருக்கு வருகிற மாயாற்றில் விட்டால் நம் வயலுக்கு வந்துவிடும் என்பார்கள். அப்பா இளந்தாரியாக இருந்த காலத்துக் கோரிக்கை அது. நானும் கூட்டங்களுக்குப் போய்க் கை தட்டியிருக்கிறேன். ஆனால் அந்த ஆற்றை நான் பார்த்ததே இல்லை. அப்பாவும் பார்த்ததில்லை. இந்த ஐப்பசியில் ஐந்து நாள் கிடைத்தது, கிளம்பிவிட்டேன்.

மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி வரைக்கும் எல்லோரும் அறிந்த பாதை. அதற்கு அந்தப் பக்கம் பைக்காரா தாண்டியதும் பஸ்ஸில் கூட்டம் மாறிவிட்டது. பின்சீட்டில் மலையாளம், முன்சீட்டில் கன்னடம், கண்டக்டர் மூன்றிலும் சில்லறை கேட்கிறார். நடுவட்டத்தில் டீ குடிக்க இறங்கினேன். 1860களில் இங்கே மலேரியாக் காய்ச்சல் மருந்துக்காகச் சிங்கோனா மரம் பயிரிட்டார்கள். அந்தத் தோட்ட வேலைக்குக் கடல் தாண்டிக் கொண்டுவந்த சீனக் கைதிகளை அடைத்து வைத்த சிறை இங்கே இருந்தது. விடுதலையான பிறகு சிலர் ஊர் திரும்பாமல் தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு இங்கேயே மாடு வளர்த்துக் காய்கறி போட்டுப் பிழைத்தார்கள். இந்த மலைச்சரிவுக்கு வெளியூர்க்காரர்கள் வந்து தங்குவது புதிதில்லை.

நடுவட்டத்துக்குக் கீழே மலை சட்டென்று விழுகிறது. சுமார் 2,000 மீட்டரில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தவன் வளைவு வளைவாக இறங்கி 1,000 மீட்டருக்குச் சற்று மேலே உள்ள கூடலூரில் வியர்த்துக்கொண்டு இறங்கினேன். வழியில் ஊசிமலையில் மஞ்சு மூடியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. கற்பூர மரம் போய், சில்வர் ஓக் வந்து, அதன் மேல் மிளகுக்கொடி ஏறி, பிறகு பாக்கு மரம் வந்துவிட்டது. கூடலூர் பஸ் ஸ்டாண்டில் மூன்று மாநிலத்துப் பஸ்களும் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஊட்டி, மைசூர், கோழிக்கோடு என்று மூன்று ரோடு கூடுகிற ஊர்.

ராத்திரி நல்ல மழை. ஓட்டு மேல் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்.

இரண்டாம் நாள்

விடிந்ததும் ஆற்றைப் பார்க்கத்தான் போனேன். கோழிக்கோடு ரோட்டில் இரும்புப்பாலம் என்று ஓர் இடம். ஆட்டோ ஓட்டிவந்த அண்ணன் மலையாளி, "பாலத்துல என்ன சார் இருக்கு?" என்றார். ஆறு இருக்கிறது என்றேன்.

நான் மனதில் வைத்திருந்தது பவானி மாதிரி அகலமான ஆறு. இது அப்படி இல்லை. மூங்கில் புதரும் பாக்குத் தோப்பும் இரண்டு பக்கமும் நெருக்க, நடுவில் குறுகலாக, ஆழமாக, செம்மண் கலங்கிப் போய்க்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் பெரிய ஆற்றுச் சத்தம். அப்பா வாய்க்காலில் தண்ணீர் வேகம் பார்க்கிற மாதிரியே நானும் பார்த்தேன். பாலத்தின் மேல்புறம் ஒரு காய்ந்த சுள்ளியைப் போட்டுவிட்டு, மறுபக்கம் ஓடிவந்து எண்ணினேன். நாலு எண்ணுவதற்குள் சுள்ளி பாலத்துக்கடியிலிருந்து வெளியே வந்து, ஒரு பாறையில் முட்டி, சுழன்று, போய்விட்டது. மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் நாலுதான். கரையில் இறங்கிக் கை நனைத்துவிட்டு ஏறினால் கணுக்காலில் இரண்டு அட்டை. பக்கத்து டீக்கடைக்காரர் ஒரு சிட்டிகை உப்பு கொண்டுவந்து தடவிவிட்டார்.

"எந்த ஊரு?"

"கோபிங்க. ஈரோடு ஜில்லா."

"அப்ப தண்ணி பார்க்க வந்திருக்கீங்க" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அந்தப் பக்கத்துல இருந்து இதைப் பார்க்க வேற எதுக்கு வருவாங்க? ஆடி மாசம் வந்திருக்கணும். அப்ப இந்தக் கரையில நிக்க முடியாது."

இந்தத் தண்ணீர் ஓவேலிப் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. 1840களில் நீலகிரியை அளந்த ஆக்டர்லோனி என்கிற வெள்ளைக்கார அதிகாரியின் பெயரில் இருந்த பள்ளத்தாக்கு, சனங்களின் வாயில் சுருங்கி ஓவேலி ஆகிவிட்டது. பாண்டியாறு கீழே புன்னம்புழாவோடு சேர்ந்து, நிலம்பூர் பக்கம் சாலியாற்றில் விழுந்து, பேப்பூரில் கடலுக்குப் போகிறது. சாலியாற்று மணலை அரித்துப் பொன் எடுக்கிறவர்கள் நிலம்பூர்ப் பக்கம் இருக்கிறார்கள். அந்தப் பொன் விவகாரத்துக்கு நாளை வருகிறேன்.

மத்தியானம் ஊருக்குள் நடந்தேன். நீலகிரியில் வெகுகாலம் நான்கு நகராட்சிதான். ஊட்டியும் குன்னூரும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே பேர் பெற்றவை. மீதி இரண்டு, கூடலூரும் நெல்லியாளமும், சுற்றுலாப் படங்களில் வராதவை. 2011 கணக்குப்படி கூடலூரில் 49,535 பேர், 21 வார்டு. எங்கள் கோபி மாதிரி நெருக்கமான வீதிகளை எதிர்பார்த்து வருகிறவருக்குக் கடைவீதி தாண்டியதும் ஊர் முடிந்துவிட்டதாகத் தோன்றும். முடியவில்லை, வார்டுக்குள்ளேயே தேயிலைத் தோட்டம், வயல், காடு, ஆதிவாசிக் குடியிருப்பு எல்லாம் இருக்கின்றன. தெரு விளக்கு பழுதானால் இங்கே திருட்டுக்குப் பயப்படுவதில்லை, யானைக்குத்தான் பயப்படுகிறார்கள்.

இடங்களின் பெயரைப் படித்துக்கொண்டே நடந்தேன். புத்தூர்வயல், தேன்வயல், புறமணவயல், இருவயல். விவசாயி மகனுக்கு இது போதுமே! வயநாடு என்பதையே வயல்நாடு என்கிறார்கள். மேடெல்லாம் காடு, மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே தண்ணீர் தங்குகிற பள்ளமெல்லாம் நெல்வயல். இந்த மண் நிஜத்தில் வயநாட்டின் தென்கிழக்கு ஓரம்தான். நம்பாலக்கோடு, சேரங்கோடு, முனநாடு என்ற மூன்று அம்சங்களையும் (அந்தக் கால வருவாய்ப் பிரிவுகள்) 1877ல் மலபாரிலிருந்து பிரித்து நீலகிரியில் சேர்த்தார்கள். அப்படிச் சேர்க்காமல் விட்டிருந்தால், 1956ல் மலபாரோடு இதுவும் கேரளத்துக்குப் போயிருக்கும். ஒரு கையெழுத்தில் தமிழ்நாட்டுக்குள் வந்த ஊர் இது.

ஜில்லா மாறினாலும் நிலத்தின் உடமை மாறவில்லை. நிலம்பூர் கோவிலகம் என்கிற அரச குடும்பத்தின் ஜென்ம நிலம், அதாவது பரம்பரைச் சொத்து, இது. சுமார் 80 ஆயிரம் ஏக்கர். காலம் காலமாக ஜென்மியிடம், அதாவது நிலத்துக்காரரிடம், குத்தகைக்கு வாங்கித்தான் தோட்டக்காரர்களும் விவசாயிகளும் இருந்தார்கள். 1969ல் தமிழக அரசு கூடலூர் ஜென்மி ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு அப்புறம் நடந்ததை ஒரு ரிட்டயர்டு வாத்தியார் திண்ணையில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

காடுகளை எடுத்துக்கொள்வது நிலச் சீர்திருத்தம் ஆகாது என்று 1972ல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் அந்தப் பகுதியை ரத்து செய்தது. 1974ல் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தை அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைக்குள் வைத்தது. அங்கே வைத்துவிட்டால் கோர்ட் தொட முடியாது என்பது அப்போதைய நம்பிக்கை. அதை எதிர்த்துப் போன கோயல்ஹோ வழக்கு வருஷக்கணக்கில் நடந்து, 2007 ஜனவரி 11ல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்த்த எந்தச் சட்டமும் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைத்தால் செல்லாது என்று. இன்றைக்கு இந்தியா முழுக்கச் சட்டக் கல்லூரியில் படிக்கிற தீர்ப்பு, இந்த மிளகுக்கொடிக்கு நடுவிலிருந்து புறப்பட்டது.

இன்னொன்றும் உண்டு. கூடலூர்க் காட்டில் மரம் வெட்டுகிறார்கள் என்று மனம் பொறுக்காமல் 1995ல் உச்ச நீதிமன்றம் போனவர் நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு. 1996 டிசம்பர் 12ல் வந்த உத்தரவு நாடு முழுக்கக் காடு என்றால் எது என்பதற்கே புது விளக்கம் கொடுத்தது. அவர் 2016ல் இறந்தார், வழக்கு அவருக்குப் பின்னும் நடந்தது.

நாட்டுக்கே நீதி கேட்டுக் கொடுத்த ஊரில் தங்கள் வீட்டுக்குப் பட்டா இல்லாதவர்கள் ஆயிரக்கணக்கில். அந்தச் சட்டத்தில் குத்தகைத் தோட்டங்களைப் பற்றிச் சொல்வது பதினேழாவது பிரிவு. அந்த நிலங்களின் விவகாரம் தீராததால், அதில் வீடு கட்டிக் குடியிருக்கிறவர்களுக்குப் பட்டாவும் இல்லை, கரண்ட் கனெக்‌ஷன் வாங்குவதும் பெரும்பாடு. யாரைக் கேட்டாலும் "செக்‌ஷன் 17ங்க" என்று மட்டும் சொல்கிறார்கள். வியாதியின் பெயரைச் சொல்வது போல.

மூன்றாம் நாள்

இன்றைக்கு தேவாலா, பந்தலூர். நாடுகாணியில் நிலம்பூருக்கு ரோடு பிரிந்து காட்டுக்குள் இறங்குகிறது. அதைத் தாண்டித் தேவாலா. தமிழ்நாட்டிலேயே அதிக மழை பதிவாகிற இடங்களில் ஒன்று. குடையை மடக்கவே இல்லை.

நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் லண்டன்காரர்கள் இந்தத் தேவாலாவின் பெயரைச் சொல்லிப் பங்கு வாங்கினார்கள் என்றால் நம்ப முடிகிறதா? ஓடையில் மண்ணை அரித்துப் பொன் எடுப்பது இங்கே பழைய வழக்கம். பாறைக்குள்ளும் இருக்குமா என்று பார்க்க ஆஸ்திரேலியத் தங்கவயல்களில் அனுபவம் உள்ள பிரஃ ஸ்மித் என்பவரை 1879ல் வரவழைத்தார்கள். அவர் அறிக்கை நம்பிக்கையாக இருந்தது. அவ்வளவுதான், லண்டனில் கம்பெனிக்கு மேல் கம்பெனி தொடங்கினார்கள். காப்பித் தோட்டங்களைத் தங்கச் சுரங்கம் என்று விலைக்கு விற்றார்கள். இந்த மலைக்கு இயந்திரங்கள் ஏறின. பாறையை இடித்துப் பார்த்தால் கூலிக்குக்கூடக் கட்டாத அளவுதான் பொன். சில வருஷத்துக்குள் எல்லாம் மூடிவிட்டது. குழிகள் மட்டும் மிச்சம். அந்தக் குழிகளில் இன்றைக்கும் ரகசியமாக இறங்கித் தோண்டி, மண் சரிந்து செத்தவர்கள் உண்டு. ஒரு குழியின் வாயைத் தேயிலைப் புதருக்குள் காட்டினார்கள். ஆள் குனிந்து போகிற அளவுதான். உள்ளேயிருந்து ஈரக்காற்று முகத்தில் அடித்தது. கிட்டப் போகவில்லை.

நெல்லியாளம் நகராட்சி ஆபீஸ் இருப்பது நெல்லியாளத்தில் இல்லை, பந்தலூரில். தேவாலா, பந்தலூர், உப்பட்டி என்று தேயிலைக்கு நடுவே தெளித்த மாதிரி இருக்கிற ஊர்களைச் சேர்த்து 21 வார்டு. 2011ல் 44,590 பேர். இதை நகரம் என்று எந்தக் கணக்கில் சொன்னார்களோ. ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்குப் போக ஜீப் ஏற வேண்டும்.

பொன் போனது, தேயிலை நின்றது, தேயிலையோடு சிலோன் சனங்கள் வந்தார்கள். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி, அங்கே இருந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அவர்களுக்கு வேலை கொடுக்க 1968ல் தமிழக அரசு தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. அதுதான் டான்டீ. காடாக இருந்த சரிவை அவர்களேதான் வெட்டித் திருத்தினார்கள்.

நண்பன் சொல்லிவைத்ததால் அப்படி ஒரு வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அந்த அம்மா ஹட்டன் பக்கம் பிறந்தவர். 1974ல், பதினோரு வயதில், தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் வந்திருக்கிறார். மண்டபம் முகாமில் கொஞ்ச நாள், பிறகு இங்கே.

"கப்பல்ல இருந்து இறங்கினதும் எங்கப்பா மண்ணைத் தொட்டுக் கும்பிட்டாரு தம்பி. அதுக்கு முன்னால அவரு இந்தியாவைப் பார்த்ததே இல்ல. அவங்க தாத்தாதான் இங்க இருந்து போனவரு."

பேசிக்கொண்டே தேங்காய் ரொட்டி சுட்டார். மாவில் தேங்காய்ப்பூவைப் போட்டுப் பிசைந்து, உள்ளங்கையால் கல்லிலேயே தட்டி, ஓரம் கருகுகிற வரை விட்டு எடுக்கிறார். தொட்டுக்கொள்ள அம்மியில் இடித்த சம்பல். ஐம்பது வருஷமாகியும் வீட்டு வரிசையை லயம் என்றுதான் சொல்கிறார். முழுநாள் கூலி கிடைத்தால் "பேர் விழுந்துச்சு" என்கிறார். அவர் விரல்களைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலின் பக்கவாட்டிலும் கட்டைவிரல் நுனியிலும் தோல் கறுத்துத் தடித்து, கீறல் கீறலாக இருந்தது. கொழுந்தின் கறை, கழுவினாலும் போகாது என்றார். நாற்பது வருஷக் கொழுந்து.

2022ல் டான்டீ நிலத்தில் 2,152 ஹெக்டேரை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க அரசு ஆணை வந்தது. தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். வேலை போய்விடும், வேலையோடு வீடும் போய்விடும் என்ற பயம். அந்த அம்மா கோபப்படவில்லை. "காடு வேணுந்தான். நாங்க எங்க போறது, அதை மட்டும் சொல்லிட்டா போதும்" என்றார். ரொட்டி தொண்டையில் நின்றுவிட்டது எனக்கு. நானும் என் வாய்க்காலுக்காக இந்த மலையிலிருந்து ஒன்றை எடுக்கத்தானே கை தட்டியிருக்கிறேன்.

கிளம்பும்போது அவர் மகன் ஒரு கதை சொன்னான். வீட்டை இடித்து அரிசி தின்று பழகிய ஒரு மக்னா யானையை, தந்தம் இல்லாத ஆண் யானையை, 2022 டிசம்பரில் இங்கே பிடித்து முதுமலைக் காட்டில் விட்டார்கள். அது ஒரு மாதத்துக்குள் எல்லை தாண்டிச் சுல்தான் பத்தேரி டவுனுக்குள் போய் நின்றது. அங்கே கேரளக்காரர்கள் பிடித்தார்கள். "அரிசி ராஜா"ன்னு பேரு அதுக்கு என்றான், சொந்தக்காரனைப் பற்றிச் சொல்வது போல.

நான்காம் நாள்

ஐப்பசி பத்து. புத்தூர்வயலில் பூப்புத்தரி. இதற்காகத்தான் தேதி பார்த்து வந்தேன்.

புது நெல்லின் முதல் கதிரைச் சாமிக்குக் கொண்டுபோகிற திருவிழா. பணியர், குரும்பர், மவுண்டாடன் செட்டிமார் எல்லோரும் சேர்ந்து நடத்துவது. இவர்கள்தான் எல்லோருக்கும் முன்னால் இந்தப் பள்ளத்தாக்கில் இருந்தவர்கள். பொன்னும் காப்பியும் தேயிலையும் வந்து இவர்களைக் காட்டோரம் தள்ளின. பணியர் பல தலைமுறை இதே வயல்களில் பண்ணை ஆளாகக் கட்டுண்டு உழைத்தவர்கள். இன்றைக்கு அவர்கள் பிள்ளைகளில் சிலர் நர்ஸாக வேலை பார்க்கிறார்கள். 1990ல் தொடங்கிய கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் அவர்களைப் பயிற்சி கொடுத்து வளர்த்திருக்கிறார்கள். இந்த ஊரைப் பற்றி ஒன்றே ஒன்று எழுதச் சொன்னால் நான் அதைத்தான் எழுதுவேன்.

வயல் வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். துடியும் குழலும் முழங்க விரதம் இருந்தவர்கள் வயலில் இறங்கினார்கள். துடிச் சத்தம் காதுக்கு முன்னால் நெஞ்சில் கேட்கிறது. கதிர் இன்னும் முழுசாகப் பழுக்கவில்லை, நுனியில் பொன்னிறம், காம்பில் பச்சை. ஒரு வயதானவர் ஒரு கைப்பிடி கதிரைச் சேர்த்துப் பிடித்து, அரிவாளை ஒரே இழு. நறுக்கென்று ஒரு சத்தம், அப்புறம் அந்த வாசனை. ஈர வைக்கோலும் பாலும் கலந்த மாதிரி. எங்கள் ஊரில் இப்போது அறுப்பு மெஷின்தான், டீசல் வாசனைதான். இந்த வாசனையை நான் கடைசியாக எங்கள் தாத்தா காலத்தில் அறிந்தது.

கட்டுகளைத் தலையில் சுமந்து கூடலூர்க் கோவில்களுக்கும் நம்பாலக்கோட்டைக்கும் ஊர்வலம் போனது. பூஜை முடிந்ததும் கதிரை எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். எனக்கும் மூன்று கதிர் கிடைத்தது. வீட்டு நிலையில் கட்டிவைக்கச் சொன்னார்கள்.

சுற்றிலும் பார்த்தால் நெல் குறைந்துவிட்டது. பாதி வயலில் நேந்திரன் வாழை, இஞ்சி. நெல்லில் கட்டுப்படி ஆவதில்லை, யானை வேறு. ஆனாலும் இந்த ஒரு வயலை விடாமல் வைத்திருக்கிறார்கள், சாமிக்குக் கதிர் வேண்டுமே.

ஐந்தாம் நாள்

திரும்புவதற்கு மசினகுடி வழி பஸ் பிடித்தேன். தொரப்பள்ளி தாண்டினதும் முதுமலைக் காடு. தெப்பக்காட்டுப் பாலத்துக்கடியில் மாயாறு. பாண்டியாற்றை விட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதே மலையின் மழைதான், இங்கே கிழக்கே போகிறது, பவானிசாகரில் விழுகிறது, எங்கள் வாய்க்காலுக்கு வருகிறது.

வீட்டுக்கு வர ராத்திரி ஆகிவிட்டது. அப்பா திண்ணையில் விழித்திருந்தார்.

"எவ்வளவு போகுது?"

நாலு எண்ணுவதற்குள் சுள்ளி பாலத்தைத் தாண்டிவிடுகிறது என்றேன். "நல்ல ஓட்டம்" என்று சொல்லிக் கண்ணை மூடினார், மனசுக்குள் கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. அப்புறம் பையைத் திறந்து அந்த மூன்று கதிரை எடுத்துக் கொடுத்தேன். லைட்டைப் போடச் சொல்லி, ஒரு மணியை உதிர்த்து, நகத்தால் உமியைப் பிளந்து பார்த்தார்.

"நம்ம நெல் இல்லையே. யாரு வயல்?"

பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். முடிக்கப் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. கதிரை அவரே எழுந்து போய் நிலையில் கட்டினார்.